நாலாம் வகுப்பு ஆங்கில ஆய்வு: 31 பிள்ளைகளில் யாரை எடுப்பது?

சயான்_சாரல் | ஜூலை 4, இரவு 10.12

வணக்கம். எம்.எட். இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆய்வுக்காகத் தாராவிப் பக்கம் ஒரு தமிழ் மீடியப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படக்கதை வைத்து ஆங்கிலச் சொற்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். நடுநடுவே தமிழில் பேசி விளக்கினால் சொல் மனதில் நிற்கிறதா, முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்தினால் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஆறு வாரம், வாரத்துக்கு நாலு பீரியட்.

ஒரே டிவிஷன், 31 பேர். நேற்று ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து, பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் பத்துப் பெயர் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். "இவங்கல்லாம் நல்லா பேசுவாங்க டீச்சர், உங்களுக்குத் தொந்தரவே இருக்காது." என் கைடு அதற்கு நேர் எதிர். "ஒரு டெஸ்ட் வை. கடைசிப் பத்துப் பேரை எடு. அவர்களிடம்தான் முன்னேற்றம் தெரியும்" என்கிறார்.

இரண்டும் எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_சாக்பீஸ் | ஜூலை 4, இரவு 10.50

முப்பத்திரண்டு வருடம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் இருந்து ஓய்வு பெற்றவன். ஹெட்மாஸ்டர்மேல் கோபப்படாதே அம்மா, நானும் அப்படிப்பட்ட பட்டியல் எழுதியவன்தான். வெளியாள் யார் வந்தாலும் முன்பெஞ்சுக்கு வருகிற பத்துப் பேர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. இன்ஸ்பெக்டர் வந்தாலும் அவர்கள்தான், ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்வதும் அவர்கள்தான். பாவம், அவர்களுக்கே அலுத்துப் போயிருக்கும்.

அந்தப் பத்துப் பேரில் பாதிக்கு மேல் சாயங்காலம் டியூஷன் போகிறவர்களாக இருப்பார்கள். நீ படத்தைத் தூக்கிக் காட்டும் முன்பே 'அம்பரெல்லா', 'பட்டர்ஃப்ளை' என்று கத்துவார்கள். தமிழில் விளக்கினாலும் முழு மார்க், விளக்காவிட்டாலும் முழு மார்க். எந்த வழி நல்லது என்று எதை வைத்துச் சொல்வாய்?

எண்_பைத்தியம் | ஜூலை 4, இரவு 11.31

ஐயா சொன்னது முதல் பட்டியலுக்கு. கைடு சொன்னதில் வேறொரு குழி இருக்கிறது. பகலில் இன்ஷூரன்ஸ் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் இந்தக் குழியில் தினமும் விழுந்து எழுகிறேன்.

பிள்ளை வாங்கும் மார்க்கில் கொஞ்சம் அதன் அறிவு, கொஞ்சம் அன்றைய நாள். உண்மையில் பத்துக்கு ஐந்து தெரிந்த பையன் ஒரு நாள் மூன்று வாங்குவான், இன்னொரு நாள் ஏழு வாங்குவான். முதல்நாள் ராத்திரி தண்ணீர் பிடிக்கக் கண்விழித்திருக்கலாம், காய்ச்சல் இருந்திருக்கலாம். கடைசிப் பத்துப் பேர் என்று பிடித்தால், நிஜமாகவே தெரியாதவர்களோடு அன்றைக்கு நாள் சரியில்லாதவர்களும் மொத்தமாக உங்கள் வலையில் விழுவார்கள். ஆறு வாரம் கழித்து நீங்கள் ஒன்றுமே சொல்லிக் கொடுக்காமல் மறுபடி டெஸ்ட் வைத்தாலும் அந்தப் பத்துப் பேரின் சராசரி ஏறியிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து எழுதியதே இதுதான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் அவ்வளவு உயரம் இருப்பதில்லை, மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு குள்ளம் இருப்பதில்லை. இரண்டு ஓரமும் நடுவுக்கு வரும். "முன்னேற்றம் தெரியும்" என்று கைடு சொன்னது வாஸ்தவம்தான். முன்னேற்றம் யாரால் என்பதுதான் தெரியாது.

சயான்_சாரல் | ஜூலை 5, காலை 7.05

உறுத்தலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, நன்றி. அப்படியானால் இதே வகுப்பு முழுவதற்கும் தமிழோடு நடத்திவிட்டு, அண்டாப்ஹில் பக்கம் இன்னொரு பள்ளியின் நாலாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் நடத்தி, இரண்டையும் ஒப்பிட்டால்? முன்தேர்வு மார்க் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற பள்ளியாகப் பார்த்து எடுக்கலாம்.

எண்_பைத்தியம் | ஜூலை 5, காலை 9.20

லோக்கலில் தொங்கிக்கொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இரண்டு பள்ளி என்றால் காகிதத்தில் அறுபது பிள்ளைகள். கணக்கில் இரண்டே இரண்டு. அங்கே டீச்சர் வேறு, நேரம் வேறு, பக்கத்தில் கல்யாண மண்டபச் சத்தம் வேறு. ஒரு வகுப்பு கூடுதலாக வாங்கினால் அது உங்கள் முறையாலா, அந்த டீச்சராலா என்று எந்தப் புள்ளியியல் மென்பொருளும் பிரித்துத் தராது. பள்ளி பள்ளியாக ஒப்பிட வேண்டுமானால் பள்ளிகள் நிறைய வேண்டும். எம்.எட். மாணவிக்கு அது முடியாது.

ஒரே வகுப்புக்குள் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு நீங்கள் நடத்தும்போது மறுபாதி வகுப்பு டீச்சரிடம் கணக்குப் போடட்டும், அடுத்த பீரியட் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பாதிக்கும் நடத்துவது நீங்கள் ஒருவரேதான் என்பது இதில் பெரிய லாபம்.

இட்லி_டப்பா | ஜூலை 5, பிற்பகல் 2.14

நான் டீச்சர் இல்லை, அம்மா. என் மகன் இதே ஏரியாவில் படிக்கிறான், அதனால் கேட்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் இப்படித்தான் இரண்டு பெண்கள் வந்தார்கள். எந்தக் காலேஜ் என்று தெரியாது. பன்னிரண்டு பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போய் படம் காட்டி, பாட்டுப் பாடி, கலர் பென்சில் கொடுத்தார்கள். என் பையன் பெயர் பட்டியலில் இல்லை. வீட்டுக்கு வந்து "நான் மக்காம்மா?" என்று கேட்டான். ஒரு வாரம் அதே பேச்சு. அந்தப் பெண்கள் அப்புறம் வரவே இல்லை. என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டினாள். பொடி எழுத்தில் ஒன்றரைப் பக்கம். "இதுல கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு உள்ள விடமாட்டாங்களாம்" என்று அந்தப் பிள்ளை சொன்னது, அவள் அம்மா போட்டுவிட்டாள். அதற்குப் பெயர் சம்மதமா?

சீட்டுக் குலுக்கினாலும் பாதிப் பிள்ளைகளுக்கு நல்ல பாடம், பாதிக்கு வெறும் பாடம் என்றுதானே ஆகும்?

பழைய_சாக்பீஸ் | ஜூலை 5, மாலை 4.40

"நான் மக்காம்மா?" இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

சாரல், இந்த அம்மா கேட்டதற்கு வழி சொல்லாமல் எந்த முறையும் வேண்டாம்.

எண்_பைத்தியம் | ஜூலை 5, இரவு 9.55

வழி இருக்கிறது அக்கா. அதுவும் இதே ஊரில் பெரிய அளவில் செய்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பால்சகி திட்டம் பற்றி ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து தனியாக அழைத்துப் போய், அந்தப் பகுதிப் பெண் ஒருவர் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பார். 2001 தொடங்கி மும்பையிலும் வடோதராவிலும் அதை ஆராய்ந்தார்கள், கட்டுரை 2007-ல் வந்தது. எழுதிய நால்வரில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள்.

அதில் எனக்குப் பிடித்த இடம் இது. எந்தப் பள்ளிக்கும் 'உனக்குக் கிடையாது' என்று சொல்லவில்லை. சில பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பால்சகி, மற்றப் பள்ளிகளில் வேறொரு வகுப்புக்கு. இந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்பை அந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்போடு ஒப்பிட்டால் போதும். இன்னொன்று, தனியாக அழைத்துப் போன பிள்ளைகளுக்கு மட்டும் டெஸ்ட் வைக்காமல் அந்த வகுப்பு முழுவதற்கும் வைத்தார்கள். கடைசிப் பத்துப் பேரின் குழியில் விழாமல் தப்பியது அதனால்தான்.

உங்கள் ஆய்வுக்கு இதைச் சின்னதாக்கலாம். நாற்பது சொற்கள், இருபது இருபதாக இரண்டு கட்டு. 'அ' குழுவுக்கு முதல் கட்டு தமிழோடு, இரண்டாம் கட்டு ஆங்கிலத்தில் மட்டும். 'ஆ' குழுவுக்கு நேர்மாறு. மூன்று வாரம், மூன்று வாரம். எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு பாடமும் கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளையையும் அந்தப் பிள்ளையோடேதான் ஒப்பிடுகிறீர்கள், அதனால் 31 பேரே போதுமான கூட்டமாகத் தெரியும்.

அல்சூர்_மாடிப்படி | ஜூலை 5, இரவு 10.30

பெங்களூரிலிருந்து ஒரு குறுக்குக் கேள்வி. உங்கள் வகுப்பில் 31 பேருக்கும் வீட்டு மொழி தமிழ்தான் என்று நிச்சயமா? எங்கள் பக்கத்துப் பள்ளியில் நான் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். ஒரு பெஞ்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் உட்கார்ந்திருக்கும். அங்கே 'தாய்மொழியில் விளக்கு' என்றால் யார் தாயின் மொழியில் என்று கேட்பார்கள்.

"வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று படிவத்தில் கேட்டால் எல்லாரும் தமிழ் என்றுதான் எழுதுவார்கள். நான் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி வேறு: "அண்ணன்கூடச் சண்டை போடும்போது என்ன பாஷையில திட்டுவ?" உண்மை உடனே வந்துவிடும்.

சயான்_சாரல் | ஜூலை 6, பிற்பகல் 1.25

அல்சூர், இன்று இடைவேளையில் ஒன்பது பேரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். நாலு பேர் தமிழ். நாலு பேர் இந்தி. ஒரு பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழ்ல ஆரம்பிச்சு இந்தில முடிப்பேன் டீச்சர்" என்றாள். பதிவேட்டில் ஒன்பது பேருக்கும் தாய்மொழி தமிழ்.

இவர்களை விலக்க வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா?

அல்சூர்_மாடிப்படி | ஜூலை 6, பிற்பகல் 1.40

விலக்கவே கூடாது. பம்பாய்த் தமிழ் வகுப்பு என்பதே அதுதானே. குறித்து மட்டும் வையுங்கள், கடைசியில் இந்தியில் சண்டை போடுகிறவர்களுக்குத் தமிழ் விளக்கம் எவ்வளவு உதவியது என்று தனியாகப் பார்க்கலாம். எனக்கு உங்கள் ஆய்வு முழுவதையும்விட அந்த ஒரு வரிதான் ஆவலாக இருக்கிறது!

கரோல்பாக்_குளிர் | ஜூலை 6, மாலை 6.15

அதே மூச்சில் டெல்லிக்காரன் ஒரு எச்சரிக்கை. இங்கே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள், 1923-லிருந்து இருக்கிற அமைப்பு. என் இரண்டு பெண்களும் அதில்தான் படித்தார்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், தமிழ் ஒரு பாடம், விளையாட்டு மைதானத்தில் இந்தி. அவர்களும் 'வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகள்'தான், ஆனால் உங்கள் முடிவு அவர்களுக்குச் செல்லாது. தலைப்பில் "வெளிமாநிலத் தமிழ்ச் சிறார்" என்று பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். என் கண்ணில் பட்டால் வைவாவுக்கு வந்துவிடுவேன்.

எண்_பைத்தியம் | ஜூலை 6, இரவு 8.02

அவர் சொல்வது மும்பைக்குள்ளேயே பொருந்தும். மாநகராட்சிப் பள்ளிகள் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் நடக்கின்றன. அதில் ஒரு மொழியில், ஒரு பள்ளியில், ஒரு வகுப்பு. நீங்கள் அந்தப் பள்ளியை எடுத்தது உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ் என்பதால். அதை அப்படியே எழுதிவிடுங்கள், குறை ஒன்றும் இல்லை. "வசதி கருதித் தேர்ந்த பள்ளி, அதற்குள் சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள்." இரண்டும் வேறு வேறு விஷயம். பள்ளியை எப்படி எடுத்தீர்கள் என்பது முடிவு யாருக்குச் செல்லும் என்பதைச் சொல்லும், குழுக்களை எப்படிப் பிரித்தீர்கள் என்பது முடிவை நம்பலாமா என்பதைச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பாத ஆய்வேட்டை நான் பார்த்தது குறைவு.

பழைய_சாக்பீஸ் | ஜூலை 6, இரவு 9.30

கணக்குக்காரர்கள் மறக்கிற ஒன்று சொல்கிறேன். பதிவேட்டில் 31, பெஞ்சில் எத்தனை?

ஜூன் நடுவில் பள்ளி திறந்தாலும் திருநெல்வேலிப் பக்கம் போன குடும்பங்கள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால்தான் திரும்பும். அப்புறம் ஆடி, ஊர்க் கோயில் கொடை விழாவுக்குக் கிளம்புவார்கள். மழை கொட்டினால் ஜூலையில் இரண்டு நாள் லீவு. அப்புறம் கணபதி. முன்தேர்வு அன்று வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு என்று சொன்னால், தினமும் வருகிற பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறாய். அடிக்கடி வராத பிள்ளைக்குத்தான் ஆங்கிலம் அதிகமாக உதைக்கும். பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்று பார்க்கும் அசர் கணக்கெடுப்பு 2005-லிருந்து நடக்கிறது, அவர்கள் கிராமங்களில் பள்ளிக்குப் போகாமல் வீடு வீடாகப் போய் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது ஏன் என்று நினைக்கிறாய்? பள்ளியில் தேடினால் வராதவன் கிடைக்க மாட்டான்.

வராதவர்களுக்கு இன்னொரு நாள் முன்தேர்வு வை. நடுவில் நின்றவர் யார், எந்தக் குழு, எத்தனை பீரியட் தவறியது, எல்லாம் நோட்டில் இருக்கட்டும்.

கண்ணாடிக்_கடை | ஜூலை 6, இரவு 9.48

தொழில் புத்தி, கேட்காமல் சொல்கிறேன். முன்தேர்வுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து படம் தெரிகிறதா என்று எல்லாரையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 'மக்கு' என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு நான் மைனஸ் இரண்டு கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

சயான்_சாரல் | ஜூலை 8, இரவு 11.10

எல்லாவற்றையும் சேர்த்துக் கைடிடம் போனேன். முதலில் முகம் சுளித்தார். சீட்டுக் குலுக்குவதைவிட, முன்தேர்வு மார்க் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவரை ஜோடியாக்கி, ஜோடிக்குள் காசு சுண்டலாம் என்று அப்புறம் அவரே சொன்னார். டியூஷன் பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் போய் விழும் ஆபத்து அதில் குறைவாம்.

சம்மதம் பற்றியும் சொன்னார். மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைகளைக் கல்வி ஆய்விலும் பார்த்து நடக்கலாம் என்றார். அதன்படி 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் பெற்றோர் சம்மதத்தோடு, வாய்மொழியாகப் பிள்ளையின் இசைவும் வாங்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கல்வித்துறை அனுமதிக்கும் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன், ஹெட்மாஸ்டர் டீ மட்டும் போதாதாம்.

இட்லி டப்பா அக்கா, பொடி எழுத்துத் தாள் கிடையாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிடம் தமிழில் பேசி அனுப்பப் போகிறேன். பாடம் எல்லாப் பிள்ளைக்கும் நடக்கும், மார்க்கைக் குறிப்பது மட்டும் சம்மதித்தவர்களுக்கு. முடிந்ததும் பெற்றோர் கூட்டத்தில் வந்து என்ன தெரிந்தது என்று சொல்வேன். சரியா?

இட்லி_டப்பா | ஜூலை 9, காலை 5.50

சரி. பேசி அனுப்பும்போது "மார்க் குறைஞ்சா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள் டீச்சர். பாதிப் பேர் அதற்குமேல் கேட்க மாட்டார்கள், அடுப்பில் வேலை இருக்கும்.

அல்சூர்_மாடிப்படி | ஜூலை 9, காலை 8.10

ஒரு ஓட்டை இன்னும் இருக்கிறது. ஆங்கிலக் குழுப் பிள்ளைக்கு அர்த்தம் புரியாவிட்டால் இடைவேளையில் தமிழ்க் குழுப் பிள்ளையிடம் கேட்டுவிடுமே?

எண்_பைத்தியம் | ஜூலை 9, காலை 9.35

கேட்கும். கேட்கட்டும். கசிவு இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அதையும் மீறி வித்தியாசம் வந்தால் துணிந்து எழுதலாம்.

கசிவைவிட உங்களையே கவனியுங்கள் சாரல். உங்களுக்குத் தமிழ்ப் பக்கம் சாய்வு இருப்பது முதல் பதிவிலேயே தெரிகிறது. பின்தேர்வு வைப்பது நீங்களாக இருக்கக் கூடாது, எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியாத தோழி ஒருவர் வைக்கட்டும்.

இன்னொன்று. மகாராஷ்டிராவிலேயே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஒரு கருவியை வைத்து முன்பு ஆய்வு நடந்திருக்கிறது. பேனாக் குச்சியால் படத்தைத் தொட்டால் ஆங்கிலச் சொல்லைச் சொல்லும். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கருவி அதிகம் பலன் தந்தது, பின்தங்கியவர்களுக்கு டீச்சர் நடத்திய விளையாட்டுகள் அதிகம் பலன் தந்தன. ஹெட்மாஸ்டர் பட்டியலை மட்டும் எடுத்திருந்தால் கருவிதான் உசத்தி என்று எழுதியிருப்பார்கள், கைடு பட்டியலை மட்டும் எடுத்திருந்தால் டீச்சர்தான் உசத்தி என்று எழுதியிருப்பார்கள்.

சயான்_சாரல் | ஆகஸ்ட் 3, இரவு 9.20

அனுமதி வந்து, இந்த வாரம் தொடங்கிவிட்டேன். கேட்டவர்களுக்காகக் கணக்கு: 31 பேரில் ஒரு பெண் கொடைக்குப் போய் இன்னும் வரவில்லை. ஒரு வீட்டில் அப்பா வேண்டாம் என்றார், காரணம் கேட்கவில்லை. ஒரு பையன் தானே வேண்டாம் என்றான். அவன் அம்மா "சொல்றா, சரின்னு சொல்றா" என்று தோளில் தட்டினார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். விட்டுவிட்டேன். மீதி 28 பேர், 14 ஜோடி. காசு சுண்டியது பிள்ளைகள் முன்னால்தான். ஹெட்மாஸ்டரின் பத்துப் பேரில் ஆறு பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கிரிக்கெட் டாஸ் மாதிரி இருக்கே" என்று போய்விட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன சோதனையில் இரண்டு பேருக்குக் கடைசி பெஞ்சிலிருந்து படம் தெரியவில்லை. ஒருத்தி ஹெட்மாஸ்டர் பட்டியலில் இருந்தவள்.

இப்போது புதுச் சிக்கல். வேண்டாம் என்ற அந்தப் பையன் பாடத்துக்கு உட்காருகிறான் இல்லையா, வகுப்பிலேயே சத்தமாகச் சொல் சொல்கிறவன் அவன்தான். இன்று மணி அடித்ததும் வந்து, "டீச்சர், என் மார்க்கையும் எழுதிக்குவீங்களா?" என்றான்.

எண்_பைத்தியம் | ஆகஸ்ட் 3, இரவு 9.41

கணக்கில் சேர்க்காதீர்கள். ஜோடி போட்டுக் காசு சுண்டியாகிவிட்டது, இனி உள்ளே வர இடமில்லை. பாடம் பிடித்ததால் வந்தவன் வேறு, மற்ற 28 பேர் வேறு.

பழைய_சாக்பீஸ் | ஆகஸ்ட் 3, இரவு 9.44

கணக்கில் வேண்டாம். ஆனால் பின்தேர்வு அன்று அவனுக்கும் ஒரு தாள் கொடு. மார்க்கையும் எழுது, அவன் கையில் கொடுக்கிற தாளில்.

சயான்_சாரல் | ஆகஸ்ட் 3, இரவு 9.52

தாள் 29 பிரதி என்று ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.